வீட்டிலே ஒலிப்பதிவு

பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் குடும்பங்களில் இப்போது ஒரு புதிய விசாரம் கிளம்பியிருக்கிறது. தம்புரா வாங்கியாயிற்று, வீணைக்கு மேளம் கட்டியாயிற்று, இனி வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து கொள்ள நல்ல மைக் ஒன்று வேண்டும். எது வாங்கலாம்? கடைக்காரரைக் கேட்டால் அதிக விலையுள்ளதைக் காட்டுவார். பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனைக் கேட்டால் தான் வாங்கியதைக் காட்டுவான். பாடப் போகிறவர் யார், எந்த அறையில் பாடப் போகிறார் என்று இருவரில் ஒருவரும் கேட்பதில்லை. நாம் விசாரணையை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

"செல்போன் போதாதா?" என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பேச்சுக்கு அது போதும். ஏனென்றால் பேச்சுக்காகவே பிறந்த கருவி அது. பேச்சு விட்டு விட்டு வரும். விடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அது இரைச்சல் என்பது அந்தக் கருவியின் தீர்மானம். நம் தம்புராவோ விடாமல் ஒரே சீராக ஒலிப்பதற்கென்றே ஏற்பட்டது. ஆகவே பல செல்போன்களும், இன்டர்நெட் மூலம் பாட்டு வகுப்பு நடத்த உதவும் சாதனங்களும், சுருதியை மின்சார விசிறிக்குத் தாயாதி என்று கருதி அடக்கி விடுகின்றன! (ஜூம் என்ற சாதனத்தில் சங்கீதக்காரர்களுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று உண்டு. அதைத் தேடித் திருப்பி விட்டால் இந்த அநியாயம் பெரிதும் குறையும்.) மேலும், மெல்லிய ஒலியைத் தானே உயர்த்திப் பெரிய ஒலியைத் தானே தாழ்த்தும் பழக்கமும் செல்போனுக்கு உண்டு. மந்தரத்திலிருந்து தாரஸ்தாயிக்கு ஏறும் குரலின் மேடு பள்ளமெல்லாம் ரோடு உருளை ஓடிய பாதையைப் போல் சமமாகி விடுகின்றன.

சரி, மைக்கே வாங்குவோம் என்று தீர்மானித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவர் தீபாவளி போனஸ் முழுவதையும் கொட்டி முதல்தரமான மைக் ஒன்று வாங்கினார். மொஸைக் தரையும், வெறும் சுவரும், தெருப்பக்கம் இரண்டு ஜன்னலும் உள்ள கூடத்தில் அதை ஸ்தாபித்து, மனைவியைத் தோடியில் ஒரு கீர்த்தனம் பாடச் சொன்னார். பதிவு வெகு தெளிவாக இருந்தது. கீரைக்காரியின் குரல் தெளிவாக இருந்தது. எதிர்வீட்டுக் குக்கரின் விஸில் மூன்றும் தெளிவாக இருந்தன. தோடி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக்கின் பேரில் குற்றமில்லை. கேட்டதைச் சொல்வது அதன் தர்மம்; உயர்ந்த மைக் அதிகமாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 5 அடி தூரத்திலுள்ள சுவரில் மோதித் திரும்புவதற்கு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரங்கூட ஆவதில்லை. குரலும் அதன் எதிரொலியும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கொண்டு மைக்கில் நுழைவதால்தான் அந்தக் கிணற்றுக் குரல் உண்டாகிறது. அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் 'ஜிங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை பாட்டுக்கு உதவாது. கூடத்தை விட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரியுங்கள். பாடுகிறவரின் முதுகுப் பக்கம் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு சாய்த்து வையுங்கள். புடவை அலமாரியின் கதவைத் திறந்து விடுங்கள். மறுபடியும் கை தட்டினால் வித்தியாசம் தெரியும். முட்டை அட்டைகளைச் சுவர் நெடுக ஒட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதனால் வீடு அலங்கோலமாவதைத் தவிர அதிகப் பயன் இல்லை.

ஆனால் மெத்தை அறைக்குள்ளே எதிரொலியைத்தான் அடக்கும். தெருச் சப்தத்தைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அதற்கெல்லாம் வழி ஏது? ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்வதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற உபாயம். மார்கழி மாதத்தில் மட்டும் கோயில் ஒலிபெருக்கிக்கு வழிவிட்டு வேறு நேரம் பார்க்க வேண்டும்.

இனி மைக்குக்கு வருவோம். இரண்டு ஜாதிகளைத் தெரிந்து கொண்டால் போதும். 'டைனமிக்' என்பதில் ஒரு சவ்வோடு சேர்ந்த கம்பிச் சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. முரட்டுப் பிள்ளை, கீழே விழுந்தாலும் பிழைத்துக் கொள்ளும், கிட்டே வந்து பாடினால்தான் காது கொடுக்கும். 1966-ல் வெளிவந்து இன்னும் உலகத்து மேடைகளிலெல்லாம் காணப்படும் ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 58 இந்த ஜாதி. 'கன்டென்ஸர்' என்பதில் மின்னேற்றம் பெற்ற மெல்லிய சவ்வு ஒரு தகட்டின் எதிரே துடிக்கிறது. நுண்ணிய சங்கதியும், வீணைத் தந்தியில் விரல் நழுவும் ஓசையும்கூட இதற்குத் தப்பாது. ஆஸ்திரேலியாவின் ரோட், ஜப்பானின் ஆடியோ டெக்னிகா முதலிய கம்பெனிகள் வீட்டு உபயோகத்துக்கு ஏற்ற விலையிலும் இவற்றைச் செய்கின்றன. ஆனால் இந்த ஜாதிக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும்.

நமது அபிப்பிராயம் இதுதான்: சந்தடியுள்ள தெருவில் குடியிருப்பவர்களும், மிருதங்கம் பதிவு செய்கிறவர்களும் டைனமிக்கையே வாங்கலாம். அமைதியான அறை அகப்பட்டவர்களுக்கு, குரலுக்கும் வீணைக்கும் கன்டென்ஸர். விலை அதிகமானது என்பதனாலேயே அதை வாங்குவது மேற்படி குடும்பஸ்தரின் வழி.

மைக்கை வைக்கும் இடத்தில் இருக்கிறது பாதி வித்தை. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரே வரும் குரலின் அழுத்தம் இரட்டிப்பாகும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகையால் செலவில்லாமல் பதிவைத் திருத்தும் மருந்து, கிட்டே வைப்பது. குரலுக்கு ஒரு சாண் தூரம் சரி. அதற்கும் கிட்டே போனால் கீழ்ஸ்தாயி ஊதிப் பெருத்து, பெண் குரலும் பாகவதர் குரலாகிவிடும். வீணைக்கு ஒன்றரை அடி தூரம் இருக்கட்டும். இந்த மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கத்து ஒலியை வாங்கிப் பின்பக்கத்து ஒலியை ஒதுக்குபவை. அதனால் மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

மைக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைப்பதற்கு 'இன்டர்ஃபேஸ்' என்ற சிறு பெட்டி தேவை. 48 வோல்ட்டும் அதிலிருந்தே வரும். மைக் செருகும் துவாரம் இரண்டு இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். எட்டுத் துவாரப் பெட்டியைக் கடைக்காரர் வர்ணிக்கும்போது, நம் வீட்டில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் பாடுகிறார்களா என்று யோசித்துக் கொள்ள வேண்டும். காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியின் ஒலியைப் பாடுகிறவர் அதிலே கேட்டுக் கொண்டால் அது குரலோடு கலவாது. பெரிய ஸ்பீக்கர்களை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப் போடலாம். பதிவு செய்யும் மென்பொருளுக்குக் காலணா செலவில்லை; ஆடாஸிட்டி இலவசமாகவே கிடைக்கிறது.

அளவு வைக்கும்போது பல்லவி எடுக்கும் இடத்தைப் பார்த்து வைக்காதீர்கள். தாரஸ்தாயியில் மிகவும் உரக்கப் பாடும் இடத்தைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெஸிபலைத் தாண்டாமல் நிறுத்துங்கள். 0-ஐத் தொட்டு நொறுங்கிய குரலை முன்போல் ஆக்குவது பிரம்மப் பிரயத்தனம். 24 பிட், வினாடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 500 மெகாபைட் ஆகும். அப்படியே சுருக்காமல் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். உறவினருக்கு அனுப்புவதற்கு மட்டும் எம்.பி. 3 போதும்.

இவ்வளவையும் வாங்கி வைத்த பின், முதலில் யாரைப் பதிவு செய்வது? பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. அவள் குரல் காத்திருக்கும். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து நலங்குப் பாட்டையும் தாலாட்டையும் முணுமுணுக்கும் பாட்டியின் குரல் காத்திராது. அந்தப் பாட்டுகளில் பல எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பாட்டியை மைக்கின் முன்னால் உட்கார வைத்து மிரட்ட வேண்டாம். ஊஞ்சலை மட்டும் நிறுத்தி, மைக்கை அவள் இருக்குமிடத்துக்குக் கொண்டு போனால் போதும்.

இன்னொரு காரியமும் செய்யலாம். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையையே ஸ்டூடியோவாக்கி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது; மின்சாரப் பதிவு 1925-ல்தான் வந்தது. பாடகி ஒரு புனலுக்குள் பாடினார். தட்டுக்குச் சுமார் 3 நிமிஷந்தான் இடம். ஜெர்மனியில் ஹனோவரில் தட்டு அச்சிடுகிறவர்கள் பாடியது இன்னார் என்று அறிவதற்காக, பாட்டு முடிந்ததும் தம் பெயரை உரக்கச் சொல்லி வைத்தார் கௌஹர் ஜான். அதுபோலவே பாட்டியையும் தம் பெயர், பிறந்த ஊர், அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதை முதலில் சொல்லச் சொல்லி, தேதியையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் பாட ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.