மாலத்தீவு மணல் ஏன் இவ்வளவு வெள்ளை?

மாலத்தீவில் ஸ்கூபா முகமூடியோடு பவளப்பாறையருகே இறங்கினால் 'கறுக் மொறுக்' என்று சத்தம் கேட்கும். கிளிமீன் பாறையைக் கடிக்கிறது! கிளியின் அலகுபோல் ஒட்டிய பற்கள் அதற்கு. பாறைமேல் படிந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்னத்தான் கடிக்கிறது. கூடவே பவளத்தின் வெண்சுண்ணாம்பும் வாய்க்குள் போகிறது. கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையிலுள்ள இன்னொரு பல்வரிசை, அம்மியில் அரைப்பதுபோல் எல்லாவற்றையும் பொடியாக்கிவிடும். சத்து உடம்பில் சேர, மீந்த தூள் பின்வழியே வெண்புகையாக உதிர்கிறது. எனக்கு அலுக்காத காட்சி அது. மாலத்தீவிலுள்ள வக்காரு தீவின் பாறைத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் இந்த மீன்கள் தருவதே என்கிறது 2015இல் வெளியான ஆய்வு. அந்த மணல் குவிந்துதான் தீவே நிற்கிறது. அங்கே போனால், தயவுசெய்து கிளிமீனைத் தட்டில் கேட்காதீர்கள்.