மிதக்கும் குடித்தனம்

மயிலாப்பூர்ச் சந்துகளில் ஒண்டுக் குடித்தனம் செய்தவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே அறை, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே குழந்தைகளின் பாடம். ஆனால் அந்த அறை இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருந்தால்? வாசற்படியைத் தாண்டினால் தெருவுக்குப் பதிலாகச் சமுத்திரம் இருந்தால்?

அப்படியும் குடித்தனம் நடத்துகிறவர்கள் உலகில் இருக்கத்தான் இருக்கிறார்கள். வீடு வாசலை விற்று, நாற்பது அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகை வாங்கி, பெண்டு பிள்ளைகளுடன் வருஷக் கணக்கில் தேசம் தேசமாகப் போகிறார்கள்.

அங்கே வீட்டு நிர்வாகம் எப்படி என்கிறீர்களா? முதலில் தண்ணீர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தி. நகர்வாசிகளுக்கு இது சட்டென்று புரியும். பாத்திரம் கழுவக் கடல் நீர். குடிக்க மட்டும் நல்ல நீர், அதுவும் டம்ளர் கணக்கு. மழை வந்தால் பாயை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இப்போது வந்திருக்கிறது. ஆனால் நடுக்கடலில் அது பழுதானால் பழைய டம்ளர் கணக்குத்தான்.

அடுப்பை ஊஞ்சல் போல ஆடும்படி மாட்டியிருப்பார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு நிமிர்ந்தே நிற்கும்; குழம்பு கொட்டாது. படுக்கையின் ஓரத்தில் துணியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். நம் தூளியில் குழந்தை கிடப்பதுபோலப் பெரியவர்களே கிடந்து தூங்க வேண்டியதுதான். அதுவும் எல்லோரும் சேர்ந்தாற்போல் தூங்க முடியாது. எதிரே கப்பல் வருகிறதா, காற்று திரும்புகிறதா என்று பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்று மணியோ நான்கு மணியோ அப்பா முறை. பிறகு அம்மா முறை.

சரி, உடம்புக்கு வந்தால்? வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கரையும் அவர் மனைவி புளோரன்ஸையும் கேட்க வேண்டும். 1934-ல் ஒரு காலபாகஸ் தீவோரத்தில் அவர்களுடைய சின்னஞ்சிறு படகு நின்றிருந்தபோது, கணவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. தெய்வாதீனமாக ரேடியோ வைத்திருந்த ஒரு மீன்பிடிக் கப்பல் அங்கே வந்து சேர்ந்தது. செய்தி பறந்தது, பனாமாவிலிருந்து விமானங்களில் டாக்டர்கள் வந்தார்கள். மனிதர் பிழைத்தார்.

அதோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டாரா? இல்லை! சில வருஷங்களில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற 89 அடிக் கப்பலை விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் சக தமிழ் மாலுமிகளும் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்காவின் குளௌஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

ராபின்சன் தம்பதிகள் வயது வந்தவர்கள், தெரிந்தே துணிந்தவர்கள். குழந்தைகளின் கதை வேறு.

இங்கிலாந்தில் டூகல் ராபர்ட்சன் என்பவர் பால் பண்ணை வைத்திருந்தார். ஒரு நாள் வானொலியில் உலகைச் சுற்றும் படகுப் பந்தயத்தைப் பற்றிக் கேட்ட அவருடைய சின்ன மகன், நாமும் போனால் என்ன என்று கேட்டான். பண்ணையை விற்று 1971-ல் குடும்பமே புறப்பட்டது. மகள் பஹாமாஸில் தங்கிவிட்டாள். 1972 ஜூன் 15-ல் கொலைத் திமிங்கலங்கள் மோதிப் படகு மூழ்கியது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், வழியில் சேர்ந்த ஓர் இளைஞர் ஆகிய ஆறு பேரும் மழை நீரையும் ஆமை இறைச்சியையும் கொண்டு 38 நாள் உயிர் வாழ்ந்தார்கள். முதலில் ரப்பர் மிதவை. அது கைவிட்டதும் பத்தடி நீளம்கூட இல்லாத ஒரு தோணி. நர்ஸாக இருந்த தாய் ஒவ்வொருவரையும் கவனித்துக்கொண்டாள். ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று எல்லோரையும் உயிரோடு மீட்டது.

மற்றொரு பெண்ணின் கதை இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தைப் பின்பற்ற வேண்டும் என்று 1976-ல் ஓர் ஆங்கிலேயர் தம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் படகில் ஏற்றினார். மகள் சூசனுக்கு ஏழு வயது. மூன்று வருஷம் என்று சொல்லிப் புறப்பட்ட பயணம் பத்து வருஷம் நீண்டது. 1977 ஜனவரியில் நம் இந்து மகா சமுத்திரத்தின் தெற்கே ஒரு பேரலை அடித்துச் சிறுமியின் மண்டையோட்டில் விரிசல் கண்டது. ஒரு தீவில் மயக்க மருந்து இல்லாமலே அவளுக்குப் பல முறை சிகிச்சை நடந்தது.

காயம் ஆறியது. ஆனால் படிப்பு? பள்ளிக்கூடம் இல்லை, நிலையான தோழி இல்லை. தபால்வழிப் பாடங்களைப் படகிலேயே எழுதி, துறைமுகம் வரும்போது அனுப்பினாள். அப்படியே முயன்று ஆக்ஸ்போர்டில் இடம் பிடித்தாள். சூசன் ஹேவுட் 2023-ல் வெளியிட்ட ‘வேவ்வாக்கர்’ என்ற சுயசரிதையில் இதெல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சொர்க்கமாகத் தோன்றிய வாழ்க்கை, அவருக்கு இறங்க வழியில்லாத வீடாக இருந்தது.

ராபர்ட்சன் வீட்டில் பிள்ளை கேட்டான்; மகளுக்கு வழியில் தங்கிக்கொள்ள இடமிருந்தது. சூசனுக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை. அலையும் ஆபத்தும் இரு குடும்பத்துக்கும் பொதுதான்; வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

கடல் ஆசை கெட்டதல்ல. நம் ஊரிலேயே 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பாய்மரப் படகோட்டிகளுக்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டால் தாராளமாகக் கற்கட்டும்.

ஆனால் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் படகே இல்லாத எத்தனையோ வீடுகள் அப்பாவின் கனவை நோக்கிப் பாய் விரித்துப் போகின்றன. டாக்டர் படிப்பு, இன்ஜினீயர் படிப்பு, அயல்நாட்டு வாசம் என்று துறைமுகத்தின் பெயர்தான் வேறு. உங்கள் வீடு எந்தத் திசையில் போகிறது என்று இன்று இரவு சாப்பாட்டின்போது குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்களேன். பதில் பிடிக்காவிட்டாலும் முழுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.