காற்றுத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். பூங்காவைச் சூழ்ந்த மரங்களும், மதில் சூழ்ந்த பழைய வீடுகளும், அவற்றை அடுத்து எழும்பியுள்ள அடுக்கு மாடிகளும் உள்ள இடம் அது. இத்தகைய இடத்தில் பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட விரும்பும் ஒருவர் கடைக்குச் சென்றால், “எது அதிக சக்தி வாய்ந்தது?” என்றே பெரும்பாலும் வினவுகிறார். ஆனால் முதலில் எழ வேண்டிய வினா, “சுட்ட ரவை எங்கே போய் நிற்கும்?” என்பதாகும்.

காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் இலக்கின் தூரம் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி. நீண்ட தாழ்வாரமோ வீட்டின் பின்கட்டோ இதற்குப் போதும். இத்தூரத்தில் காகிதத்தைத் துளைக்க மிகுந்த சக்தி தேவையில்லை. அரை கிராம் எடையுள்ள ஈய ரவை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பொருண்மையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் 7.2 ஜூல் கிடைக்கிறது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவரும் எளிதில் செய்து பார்க்கலாம்.

காற்றை அழுத்தும் முறையைக் கொண்டு இத்துப்பாக்கிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது சுருள்வில் வகை. குழலை மடக்கும்போது வலிய சுருள்வில் ஒன்று சுருங்குகிறது. விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னே தள்ள, உருளையிலுள்ள காற்று அழுந்தி ரவையை வெளியேற்றுகிறது. விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ரவை குழலை விட்டு நீங்குமுன்பே பிஸ்டனின் இயக்கத்தால் துப்பாக்கி அசைகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பிடித்தாலன்றிக் குறி தவறும். ரவையிடாமல் வெறுமனே சுடுவது பிஸ்டனுக்குக் கேடு.

இரண்டாவது, முன்னரே காற்று நிரப்பப்பட்ட வகை. துப்பாக்கியோடு இணைந்த சிறு கலத்தில் ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. அசைவு மிகக் குறைவாதலின், இன்று போட்டியாளர்கள் இதனையே விரும்புகின்றனர். எனினும் விலை அதிகம். காற்று நிரப்ப உயர் அழுத்தப் பம்பும் வேண்டும்; கலத்தைக் கால முறைப்படி சோதித்தலும் இன்றியமையாதது.

மூன்றாவது, கரியமில வாயுவால் இயங்கும் வகை. சிறு எஃகுக் குப்பியில் இவ்வாயு திரவ நிலையில் இருக்கும். இதன் அழுத்தம் வெப்ப நிலையைப் பொறுத்தது. 15 பாகை செல்சியஸில் சுமார் 51 பாராக உள்ள அழுத்தம் 30 பாகையில் சுமார் 72 பாராக உயர்கிறது. எனவே பெங்களூரின் மார்கழிக் காலையில் சரிபார்த்த குறி, சென்னையின் நண்பகலில் பொருந்தாது. அடுத்தடுத்துச் சுடும்போது குப்பி குளிர்ந்து வேகம் குறைவதும் உண்டு.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல் விட்டமோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. போட்டிகளுக்கு உரிய விட்டமும் 4.5 மில்லிமீட்டரே. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றது இவ்விட்டமுள்ள துப்பாக்கியாலேயே. 10 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அதனைத் தொடுவதற்கு வேண்டுவது நிதானமேயன்றி வலிமையன்று.

சக்தி குறைந்ததென்று இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதலாகாது. ரவை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். குறி தப்பிய ரவை நூறு மீட்டருக்கு அப்பாலும் செல்லும். இடையில் இருப்பது அண்டை வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். ஆகவே இலக்கின் பின்னே ரவையைத் தடுத்து நிறுத்தும் எஃகுப் பெட்டி வைத்தல் வேண்டும். வெறும் சுவரில் பட்டால் ரவை திரும்பித் தெறிக்கலாம். சுடுபவரும் அருகிலிருப்பவரும் கண்ணாடி அணிதல் நன்று. ஈயம் நச்சுப் பொருளாதலின், பயிற்சி முடிந்ததும் கைகளைக் கழுவுதல் அவசியம். சிறுவர்கள் பெரியோர் மேற்பார்வையின்றி இதனைத் தொடக் கூடாது.

மரக்கிளையில் அமர்ந்த மைனாவும் கிளியும் இலக்குகள் அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் கொல்வதைத் தடை செய்கிறது. பறவை நூலறிஞர் சாலிம் அலி சிறுவராயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்திலிருந்த மஞ்சள் நிறத்தின் காரணத்தை அறிய அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடியதே அவரது வாழ்நாள் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. இன்று அதே ஆர்வத்தை இருகண் தொலைநோக்கியே நிறைவேற்றும். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் தொடங்கிய இயக்கத்தில், பறவைகள் அருகிவருவதை உணர்ந்த கிராம மக்கள் தங்கள் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைத்தனர்.

சுருங்கக் கூறின், புதிதாகப் பயில்வோர்க்கு 4.5 மில்லிமீட்டர் விட்டமும் மிதமான சக்தியும் கொண்ட சுருள்வில் வகையே ஏற்றது. பயிற்சி முதிர்ந்து போட்டியில் கலந்து கொள்ள விரும்பும்போது, சங்கப் பயிற்சியாளரின் ஆலோசனையுடன் காற்று நிரப்பிய வகைக்கு மாறலாம். ஆனால் ரவையைத் தடுத்து நிறுத்தும் பெட்டியைப் பொருத்த இடமில்லாத வீட்டில் எந்த வகையும் ஏற்றதன்று. அத்தகையோர் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே துப்பாக்கிச் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தை நாடுதல் வேண்டும்.