கணினிக்கு வராத விளையாட்டை விற்பவர்கள்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில், கணினி பழுது பார்க்கும் சிறு கடையின் கண்ணாடிக் கதவில் 'எல்லா கேமும் ஏத்தித் தரப்படும்' என்று ஒட்டியிருந்த காகிதத்தை நம்பி, திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், முந்நூறு ரூபாய் கொடுத்து ஹார்டு டிஸ்கில் ஒரு விளையாட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். கடைக்காரர் அதனுடன் கொடுத்த துண்டுச்சீட்டை நானே வாசித்துப் பார்த்தேன். 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்' என்பதுதான் அதன் முதல் வரி. அவன் அப்படியே செய்தான். தலைப்புப் படத்துக்கு மேல் விளையாட்டு நகரவில்லை. ஆனால் பத்தே நாளில், ஒன்றும் ஓடாத நள்ளிரவு வேளையிலும் அந்தக் கணினியின் மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அவன் வாங்கிவந்த விளையாட்டு கன்சோல்களுக்கு மட்டும் வெளியாகியிருந்தது. கணினிக்கு அது பிரசுரமாகவே இல்லை என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கன்சோல் வெளியீட்டுக்கும் கணினி வெளியீட்டுக்கும் உள்ள இந்த இடைவெளி புதிய விஷயமன்று. 2013 செப்டம்பர் 17 அன்று பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களுக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5', கணினிக்கு வந்து சேர்ந்தது 2015 ஏப்ரல் 14 அன்றுதான். அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனத்தின் 'ரெட் டெட் ரிடெம்ஷன் 2' 2018 அக்டோபரில் கன்சோலுக்கும், ஓராண்டு கழித்து 2019 நவம்பரில் கணினிக்கும் வந்தது.

திருட்டுப் பிரதிகளுக்குப் பயந்தே இப்படிச் செய்கிறார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வதில் ஓரளவு உண்மை உண்டு. கன்சோல் என்பது தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் மின்கையொப்பம் பெற்ற விளையாட்டை அன்றி வேறெதையும் ஓட்ட மறுக்கும்படி பூட்டி வைக்கப்பட்ட பெட்டி. கணினியோ, யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஓட்டிப் பார்க்கும் திறந்த யந்திரம். ஆகையால் பூட்டு பெரும்பாலும் கணினியில்தான் முதலில் உடைகிறது. 'டெனுவோ' என்னும் பாதுகாப்புப் பூட்டு இடப்பட்ட 86 விளையாட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் வோல்க்மன், வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறதென்றும், 12 வாரங்கள் கடந்து உடைந்தால் நஷ்டம் அநேகமாக இல்லையென்றும் கண்டார். புதுப்படத்தின் முதல் வார வசூலைக் காப்பாற்றத் தயாரிப்பாளர்கள் படும் பாட்டை அறிந்த தமிழர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். அந்தக் கவலையை முன்னிட்டே 2004ஆம் ஆண்டு தமிழக அரசு திருட்டு வீடியோ தொழிலைக் குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது.

ஆயினும் பழி முழுவதையும் திருட்டின் மேல் சுமத்துவது நியாயமன்று. ராக்ஸ்டாரின் பழைய விளையாட்டான 'வைஸ் சிட்டி' 2002ல் பிளேஸ்டேஷன் 2க்கும், அடுத்த ஆண்டில் கணினிக்கும் வந்தது. அந்தப் பிளேஸ்டேஷன் 2லேயே பூட்டை ஏமாற்றும் சிப் போட்டு, பர்மா பஜாரில் வாங்கிய நகல் டிஸ்குகளை ஓட்டிய தலைமுறை நம் சென்னையிலேயே உண்டு. நூறுவகைக் கணினிகளுக்கும் ஒத்துவருமாறு சோதித்துப் பார்க்கும் உழைப்பும், கன்சோல் நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும், ஒரே விளையாட்டை ஒரே ரசிகரிடம் இரண்டு முறை விற்கக் கிடைக்கும் சந்தர்ப்பமும் இந்தத் தாமதத்துக்குக் காரணங்களே. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கன்சோல் வாங்க வசதியின்றி, படிப்புக்கென்று வாங்கிய கணினியிலேயே விளையாடும் ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளின் மேல் அதன் பாரம் விழுகிறது என்பதை அந்நிறுவனங்கள் சிந்திக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

காத்திருப்பவனின் ஆவலையே மூலதனமாகக் கொண்டு மோசடிக்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள். 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் அம்பலப்படுத்திய 'கிராக்கோனோஷ்' என்னும் தீநிரல், 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' முதலிய விளையாட்டுகளின் திருட்டுப் பிரதிகளுக்குள் ஒளிந்து, இந்தியா உட்பட உலகெங்கும் 2,22,000க்கு மேற்பட்ட கணினிகளில் புகுந்து, ஆன்டிவைரஸைத் தானே அழித்துவிட்டு, சொந்தக்காரருக்குத் தெரியாமல் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு மாணவனின் கணினியில் இரவெல்லாம் இரைந்த மின்விசிறிக்கும் இத்தகைய காரியமே காரணமாக இருக்கக்கூடும். அவன் வேறொரு கைபேசியிலிருந்து கடவுச்சொற்களையெல்லாம் மாற்றி, டிஸ்கை முழுவதும் அழித்து, விண்டோஸை மறுபடி போட வேண்டியதாயிற்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63வது பிரிவு, நகலை லாபத்துக்கு விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துகிறவரும் 63பி பிரிவின்படி குற்றவாளியே; லாப நோக்கமில்லையெனில் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த அச்சத்தினாலேயே பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள், அது தவறு. பிறர் கணினியில் வஞ்சகமாகத் தீநிரலை ஏவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்; அதைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை எவருக்கும் உண்டு.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6' 2026 நவம்பர் 19 அன்று வெளிவரும் என்ற அறிவிப்பில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றின் பெயர்களே உள்ளன; கணினியின் பெயர் இல்லை. ஆகவே அதற்குக் கணினிப் பிரதி தருவதாக டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ யாராவது பணம் கேட்டால், ராக்ஸ்டாரின் சொந்த அறிவிப்பு வரும்வரை அதை மோசடி என்றே கொள்ள வேண்டும். பணம் போய்விட்டதென்றால் மறுநாள் வரை பொறுத்திராமல் அப்போதே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால், அந்தத் தொகை கைமாறிப் போகுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் முறையாக வாங்கிய விளையாட்டு திருப்தி தராவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்கும்வரை, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வேறெந்த விற்பனையாளராவது ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே உள்ள நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக்கட்டணம் கிடையாது; இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.