ஆறாவது கட்டில் விளக்கு

ஹை வோல்டேஜ் புரோகிராமர் பத்தி எபிசோட்ல ரெண்டு நிமிஷம்தான் பேசினோம். மிச்சக் கதை இங்கே.

முஹைஸ்னா 2-ன்னு சொன்னா துபாய்ல வளர்ந்த நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. சோனாப்பூர்னா புரியும், ஆனா உள்ளே போயிருக்க மாட்டோம். அங்கே ஒரு லேபர் கேம்ப்ல இருக்கும் ராமநாதபுரத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர், ஏடிடைனி85 சிப்பை வச்சு சத்தமில்லாத அலாரம் செஞ்சிருந்தார். ஆறு கட்டில், ஆறு எல்இடி. யாருக்கு 4 மணிக்கு எழணுமோ அவர் தலைமாட்டுல மட்டும் விளக்கு எரியும். மத்தவங்க தூக்கம் கெடாது.

சிப்புக்கு எட்டு பின். பவருக்கு ரெண்டு, ரீசெட்டுக்கு ஒண்ணு போக மிச்சம் அஞ்சுதான். ஆறாவது கட்டிலுக்காக ஃபியூஸை மாத்தி, ரீசெட் பின்னையும் விளக்குக்கே கொடுத்துட்டார். அந்தப் பின்னுக்குத் திராணி கம்மி, அதனால ஆறாவது விளக்கு கொஞ்சம் மங்கல். அது பரவாயில்ல. ஆனா சாதாரண புரோகிராமர் ரீசெட் வழியாத்தான் உள்ளே போகும். அந்தக் கதவு மூடிடுச்சு. அப்புறம்தான் ஷிஃப்ட் நேரம் மாறிச்சு.

"புது சிப் போட்டுடலாமே அண்ணே?"

"சிப் கிடைக்கும் தம்பி. அந்த நம்பர் கிடைக்காதே."

சிப்புக்குள்ள இருக்கும் கடிகாரம் ஃபேக்டரியிலிருந்து வரும்போது 10 சதவீதம் வரை பிசகலாம். ராத்திரி 10 மணியிலிருந்து 4 மணி வரை எண்ணினா 36 நிமிஷம்! அவர் ராத்திரி ராத்திரியா ஒத்துப் பார்த்து, சரியான எண்ணை ஈப்ராம்ல சேமிச்சிருந்தார். சிப்புக்குச் சிப் அது மாறும். கோடு இருந்த லேப்டாப் செத்துப் போச்சு.

ரீசெட் பின்ல 12 வோல்ட் கொடுத்தா, ஃபியூஸ் என்ன சொன்னாலும் சிப் வழி விடும். கேம்ப் வாசல் டீக்கடை மேஜையில ஆர்டுயினோ ஊனோ, ஒரு டிரான்சிஸ்டர், சில 1கே ரெசிஸ்டர், எட்டு பென்சில் பேட்டரி. புது பேட்டரி எட்டும் சேர்ந்து 12.7 காட்டிச்சு, 12.5-க்கு மேல போகக்கூடாது. கடைக்காரர் டிவி ரிமோட்டுலிருந்து பழசு ரெண்டை வாங்கி மாத்தினோம். ஊனோ முழுசா எழுந்த பிறகுதான் 12 வோல்ட்டை இணைக்கணும். முன்னாடியே இணைச்சா டிரான்சிஸ்டர் தடுக்காது, நேரா சிப்புக்குப் போயிடும்.

எனக்குப் பயம் 'எரேஸ்' மேலதான். அதைக் கொடுத்தா ஈப்ராமும் போயிடும். நல்லவேளை, லாக் பிட் போடாம விட்டிருந்தார். ஹை ஃபியூஸை மட்டும் 0xடிஎஃப்-னு திருப்பி எழுதினேன். சாதாரண புரோகிராமர் சிப்பை அடையாளம் கண்டுக்கிச்சு. முதல் பைட்டைப் படிச்சோம். அண்ணன் அந்த எண்ணைச் சிகரெட் அட்டையில எழுதி, பத்தாததுக்கு போன்ல போட்டோவும் எடுத்தார்.

புரோகிராமரை அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன். ஆறாவது கட்டிலுக்கு மறுபடி அந்தக் கதவைச் சாத்தணுமே.