ஏன் ஒரே நாளில் முடிப்பதில்லை?



நமது மருத்துவமனையில் புற்றுநோயாளிகள் தங்கும் விடுதிக்காகக் காணிக்கை அனுப்பும் உங்களில் சிலர், "ஒரு நோயாளி ஏன் ஏழு வாரம் தங்க வேண்டும்? சிகிச்சையைச் சீக்கிரம் முடித்து அனுப்பினால் அந்த இடத்தில் இன்னும் பலரைச் சேர்க்கலாமே" என்று கேட்டு எழுதுகிறீர்கள். நியாயமான கேள்விதான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பனையேறும் தொழிலாளி இதே கேள்வியை எங்களிடம் கேட்டார். அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதனால் வந்த வருத்தம் இன்னும் எங்களை விட்டு நீங்கவில்லை. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியிருந்தது. நம் மக்கள் இதைக் "கரண்டு வைப்பது" என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிடங்கள், மொத்தம் 35 தடவை என்று டாக்டர் எழுதியிருந்தார். ஒரு நாள் மாலை ஜெபம் முடிந்ததும் அவர், "ஐயா, பழுத்த கட்டியை ஒரே கீறலா கீறி விடுதாங்க. இதை மட்டும் ஏன் ஏழு வாரம் இழுக்கணும்? ஒரே நாள்ல கரண்டு வச்சு முடிச்சா நான் பனைக்குப் போயிருவேன்லா?" என்று கேட்டார். "டாக்டருக்குத் தெரியும் அண்ணாச்சி, பொறுமையாயிருங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

பதினெட்டாவது தடவை முடிந்தபோது கழுத்திலிருந்த கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ஊரில் பதநீர் காலம் தொடங்கிவிட்டது. "கட்டி கரைஞ்சிட்டு ஐயா, ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்று வந்து நின்றார். கட்டி கரைந்ததை ஜெபத்திற்குக் கிடைத்த பதில் என்று எண்ணி, நாங்களும் அவர் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிட்டோம். அவர் சொல்லாமல் போய்விட்டார் என்பதைத் துறையில் இருந்தவர்கள் மறுநாள்தான் அறிந்தார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டார்கள். இந்தக் கதிர்கள் உடலுக்குள் ஊடுருவும் என்பதோடு, உடலைச் சுடும் என்பதும் விரைவிலேயே தெரியவந்தது. ஹென்றி பெக்கரல் என்னும் விஞ்ஞானி 1901-இல் சிறிதளவு ரேடியத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்த இடத்தில் தோல் வெந்து புண்ணாயிற்று. ஆரம்ப காலத்தில் எக்ஸ் கதிரோடு பழகிய டாக்டர்களும் உதவியாளர்களும் பலர் விரல்களை இழந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். அவர்கள் நினைவாக 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஒரு மருத்துவமனை வளாகத்தில் நினைவுக்கல் நிறுத்தப்பட்டது. நமது நோயாளிகள் இன்று பெறும் நன்மைக்கு முன்பே விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

சுடுகிற கதிரால் புற்றை அழிக்கலாம் என்று டாக்டர்கள் கண்டார்கள். ஆனால் புற்றைக் கொல்லும் அளவை ஒரே நாளில் கொடுத்தால் மேலிருக்கும் தோலும் சுற்றியிருக்கும் நல்ல சதையும் சேர்ந்து அழிந்தன. இதற்கு வழி காட்டியது பாரிஸ் நகரத்தின் ரேடியம் ஆராய்ச்சி நிலையம். அதில் மேரி கியூரி பௌதிகப் பிரிவையும், குளோடியஸ் ரெகோ என்பவர் உயிரியல் பிரிவையும் நடத்தி வந்தார்கள். 1920-களில் ரெகோவும் அவரோடிருந்தவர்களும் ஆட்டுக்கடாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தடவையில் கதிர் கொடுத்து கடாவை மலடாக்க முயன்றால், விதைப்பையின் தோல் கடுமையாகப் புண்ணாயிற்று. கதிரைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோதோ கடா மலடாயிற்று, தோல் பிழைத்துக்கொண்டது. விந்தணுக்களை உண்டாக்கும் உயிரணுக்கள் புற்று அணுக்களைப் போலவே ஓயாமல் பெருகுகிறவை. ஆகவே பெருகுகிறதை அழித்து, சுற்றியிருப்பதைக் காக்கும் வழி இதுவே என்று அறிந்தார்கள். அதே பாரிஸ் நகரில் ஹென்றி கூட்டார் என்னும் டாக்டர் தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளிகளுக்குப் பல வாரங்கள் பிரித்துக் கதிர் கொடுத்து, சிலரைக் கத்தியின்றியே குணமாக்கினார். நமது பனையேறிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த முறை அந்த வழியில் வந்ததுதான்.

பிரித்துக் கொடுத்தால் நல்ல சதை ஏன் பிழைக்கிறது? நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை இருக்கிறது. அணு எப்படி வாழவேண்டும், எப்படிப் பெருகவேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. கதிர் அந்த இழையை அறுக்கிறது. கதிரின் அளவைக் "கிரே" என்று சொல்வார்கள், எல். எச். கிரே என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயர் அது. ஒரு நாளைக்குக் கொடுப்பது பெரும்பாலும் 2 கிரே. அந்த அளவு படும்போது ஒவ்வொரு அணுவிலும் ஒற்றை இழை ஏறக்குறைய 2,000 இடங்களிலும், இரண்டு இழையும் சேர்ந்து 40 முதல் 80 இடங்களிலும் அறுபடுகிறது.

ஆனால் தேவன் உயிரணுவுக்குள்ளேயே தையல்காரரையும் வைத்திருக்கிறார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து ஒட்டுகிற வேலை உடனே தொடங்கி, சில மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. 1959-இல் அமெரிக்காவில் எல்கைண்டு, சட்டன் என்னும் இருவர் இதைச் சோதனைக்கூடத்தில் நிரூபித்தார்கள். ஒரே அளவு கதிரை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட, சில மணி நேர இடைவெளி விட்டு இரண்டு பங்காகக் கொடுத்தால் அதிக அணுக்கள் பிழைத்தன. நல்ல சதை இந்தப் பழுதுபார்க்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பல புற்றுகளில் அந்த வேலை குறைபட்டிருக்கிறது. பெருகும் அவசரத்தில் பழுதோடேயே பிளந்து மடிகின்றன. ஒரு நாளில் இந்த வித்தியாசம் சிறிதுதான். 35 நாட்கள் சேரும்போது அது சாவுக்கும் ஜீவனுக்கும் உள்ள வித்தியாசமாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டியின் நடுவே இரத்த ஓட்டம் சரியாயிராது, பிராணவாயு குறைவு. பிராணவாயு இல்லாத அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். தினமும் வெளிப்புறத்து அணுக்கள் மடிய மடிய, உள்ளே ஒளிந்திருப்பவற்றுக்குக் காற்று கிடைக்கிறது. அடுத்த நாள் அவை கதிருக்கு இலக்காகின்றன.

இப்போது நாங்கள் அன்று அறியாதிருந்த கணக்கைச் சொல்லுகிறோம். பின்னாளில் நமது டாக்டர் ஒருவர் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் இதை எழுதிக் காட்டினார். சுண்டைக்காய் அளவுள்ள ஒரு புற்றுக் கட்டியில் சுமார் 100 கோடி அணுக்கள் இருக்கும். ஒவ்வொரு நாளும் கொடுக்கும் 2 கிரே, இருப்பவற்றில் ஏறக்குறையப் பாதியைக் கொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முடிவில் 50 கோடி. மறுநாள் 25 கோடி. பத்து நாள் கழித்து சுமார் 10 லட்சம் மீதியிருக்கும். அப்போதே கட்டி கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் போகலாம். பதினெட்டாம் நாளில் மீதி சுமார் 3,800. இருபத்தைந்தாம் நாளில் 30. முப்பதாம் நாளில்தான் அது ஒன்று என்ற எண்ணுக்கு வருகிறது. மீதி ஐந்து நாட்கள் அந்த ஒன்றும் தப்பாதிருப்பதற்கு. எல்லாக் கட்டியும் இதே கணக்கில் கரையாது என்பது உண்மைதான். ஆயினும் விஷயம் விளங்க இது போதும்.

பதினெட்டாம் நாளில் நமது பனையேறியின் தொண்டையில் நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் மிச்சமிருந்தன. பதினெட்டு தடவை பாதியானது, பதினெட்டு தடவை இரட்டித்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். அதிலும் தொண்டைப் புற்றுகள் சிகிச்சையின் நான்காவது வாரத்தையொட்டி முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்று 1988-இல் விதர்ஸ் என்னும் டாக்டரும் அவரோடிருந்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் இந்த நோயில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் குணமாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று மேலாகக் குறைகிறது என்று மதிப்பிடுகிறார்கள். பஸ் கட்டணம் இல்லாமல் ஒரு வாரம் வராமலிருப்பது சிறிய காரியமல்ல.

அவர் ஆவணி மாதத்தில் திரும்பி வந்தார். கட்டி பழையபடி வளர்ந்து மூச்சை அடைத்தது. முன்பு கதிர் பட்ட சதைக்கு மறுபடியும் முழு அளவு கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வலி குறைய மருந்து கொடுத்தார்கள். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தங்கியிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல எங்களால் முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவர் கையிலிருந்து எடுத்துப் போட்டதில் எங்கள் அறியாமைக்கும் பங்குண்டு.

எல்லாப் புற்றுக்கும் ஏழு வாரம் என்று எண்ண வேண்டாம். மார்பகப் புற்றில் அறுவைக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஐந்து தடவை கதிர் கொடுத்தாலே பலருக்குப் போதும் என்று 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். தொண்டைப் புற்றுக்கு இன்றும் பெரும்பாலும் ஆறு, ஏழு வாரங்கள் தேவைப்படுகின்றன.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறோம். விடுதியில் இடமில்லாத நாட்களில் நோயாளிகளுக்கு அறை கொடுக்கச் சில விசுவாசிகள் தயங்குகிறார்கள். அவர்கள் உடம்பிலிருந்து கதிர் வருமோ என்று பயம். வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் பெறுகிறவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல, இயந்திரம் நின்றதும் அது நின்றுவிடுகிறது. அவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை.

சீரியா தேசத்துப் படைத்தலைவனாகிய நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். யோர்தானில் ஏழு தரம் முழுகும்படி எலிசா சொல்லியனுப்பினார். ஆறாம் தரத்தோடு கரையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோபித்துத் திரும்பிப் போகவிருந்தவனைப் பேசி இணங்கவைத்தவர்கள் அவனோடிருந்த ஊழியக்காரர்கள். வேதம் அவர்களுடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அன்பானவர்களே, அந்த ஊழியக்காரரின் இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் காணிக்கை விடுதியில் ஒரு கட்டிலாகவும், புண்ணான தொண்டைக்கு இறங்கும் கூழாகவும், கூடவந்த மனைவியின் பஸ் கட்டணமாகவும், வேலையிழந்த வாரங்களில் வீட்டுக்கு அனுப்பும் அரிசியாகவும் மாறுகிறது. இவை இல்லாமல் இயந்திரம் மட்டும் இருந்தால் பதினெட்டாம் நாள் வரும். முப்பத்தைந்தாம் நாள் வராது. இப்போது சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பாதிப் பாதிக் கணக்கை நாங்களே சொல்லுகிறோம். ஊருக்குப் போக யாராவது விடைபெற வந்தால், ஜெபிப்பதற்கு முன்பு அவருடைய சிகிச்சை அட்டையை வாங்கி, எத்தனை தடவை முடிந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

பாதியில் போக நினைக்கிற நோயாளிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் உங்கள் தனி ஜெபத்திலும் சபை ஜெபத்திலும் தவறாமல் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்