கவிதா என்னும் செல்வராஜ்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். இந்தப் பக்கத்து மக்களுக்கு பிரான்ஸ் அந்நியமான பெயர் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறிவிடுவார்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு விசா வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கே கிட்டத்தட்ட ஓராண்டு முன்பிருந்து தயாராக வேண்டும்.

முதல் வேலை, பெயர்.

உதாரணத்துக்கு எஸ். கவிதா என்று ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் செல்வராஜ். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா எஸ்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. பிரெஞ்சுப் படிவமோ எடுத்த எடுப்பில் ‘நோம்’ கேட்கும். அது குடும்பப் பெயர். சொந்தப் பெயரான ‘ப்ரெனோம்’ அதற்குப் பிறகுதான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை; எனவே இனிஷியலை விரித்து, அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். இதை பாஸ்போர்ட்டிலேயே முதலில் சரிசெய்துவிடுவது நல்லது. சேர்க்கைக் கடிதம், விசா, விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன.

புதுச்சேரிக்கு இது பழைய கதை. 1881 செப்டம்பர் 21-இல் வந்த பிரெஞ்சு ஆணை, சொந்தச் சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர இந்தியர்களுக்கு வழிவிட்டது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை தேர்ந்தெடுத்த பெயர் ‘லாபோர்த்’. பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள்.

அடுத்தது மொழி. 1889-இல் தொடங்கிய புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்து டெல்ஃப் என்னும் மொழித் தேர்வு எழுதலாம். அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பிரெஞ்சு வழிப் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் பி2 நிலை கேட்பார்கள். விசாவுக்கு முன், பிரான்ஸில் படிக்கப் போகிறவர்களுக்கான காம்பஸ் பிரான்ஸ் அமைப்பின் நேர்காணல் உண்டு. ஏன் இந்தப் படிப்பு, முடித்து என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது. செலவுக்கு மாதம் 615 யூரோ இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

பலர் கடைசியில் நினைத்துக்கொண்டு ஓடுவது பிறப்புச் சான்றிதழுக்காக. பிரான்ஸில் மருத்துவக் காப்பீட்டில் பதிய அது தேவைப்படும். கொம்யூன் பஞ்சாயத்தோ நகராட்சியோ தந்த சான்றிதழில், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் ‘அப்போஸ்டில்’ முத்திரை வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்த்து வைத்துக்கொண்டால் அங்கே போய் அலைய வேண்டாம். அசல் தாள்கள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பெட்டி கட்டும் நாளில் அம்மாவுக்குத்தான் அதிக ஏமாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பாலில் செய்த பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. உருக்கிய நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே தங்கிவிடும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது வேண்டாம். மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. உலர்ந்த மீனும் அதில் அடக்கம். ஆக, பக்கத்துக் கடலோர ஊரான நல்லவாட்டின் கருவாடு சட்டப்படி பாரிஸ் போகலாம். வாசம் வெளியே வராமல் கட்டுவதுதான் பெரும் பாடு. இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் தடை இல்லை. எல்லாம் வைத்து மூடிய பெட்டியை, குளியலறை எடைக்கருவியில் ஏறி நின்று தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு பொடி டப்பா வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும்.

போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் மாணவர் விசாவை இணையத்தில் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் அங்கே தங்கும் உரிமைக்கே சிக்கல்.

அதற்குள் வகுப்பு தொடங்கியிருக்கும். வருகைப் பதிவில் பேராசிரியர் ‘செல்வராஜ்’ என்று கூப்பிடுவார். தவளக்குப்பத்தில் இருக்கும் அப்பாவின் முகம் ஒரு கணம் வந்துபோகும். கையைத் தூக்க வேண்டியவள் கவிதா.